சிவப்பு அட்டை வாங்கிய பையனை என்ன செய்வது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தில் 14 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கு வயது 27. போன ஞாயிற்றுக்கிழமை காலிறுதியில் எங்கள் முன்கள ஆட்டக்காரன், 13 வயதுப் பையன், பந்து வேறு பக்கம் இருக்கும்போது எதிரணிப் பையனை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினான். வெளியே வரும்போது நடுவரையும் ஏதோ சொன்னான். அதற்குச் சற்று முன்னால் ஓர் ஆஃப்சைடு முடிவுக்காக நானும் நடுவரிடம் சத்தம் போட்டிருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேருடன் ஆடி எப்படியோ வென்றுவிட்டோம். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டி, மைதானத்தை இருபது சுற்று ஓடச் சொன்னேன். மதியம் பன்னிரண்டு மணி. பதினொரு சுற்று ஓடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. அவன் அப்பா வந்து, "மாதாமாதம் பணம் கட்டுகிறேன், என் பையனை ஊர் முன்னால் அவமானப்படுத்த நீ யார்?" என்று சண்டை போட்டார். மைய உரிமையாளரோ, "அரையிறுதியில் அவனை இறக்கியே ஆக வேண்டும், போட்டி நடத்துபவர்களிடம் பேசிவிட்டேன்" என்கிறார். ஒழுக்கம் இல்லாமல் ஓர் அணியை நடத்த முடியுமா? நான் செய்தது தவறா? அரையிறுதி வரும் ஞாயிற்றுக்கிழமை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பா பேசியது இருக்கிறது, உரிமையாளர் பேசியது இருக்கிறது, நீங்கள் திட்டியதும் நடுவரிடம் சத்தம் போட்டதும் இருக்கின்றன. பையன் பேசியது மட்டும் இல்லை. "நடுவரை ஏதோ சொன்னான்" என்பதோடு முடிந்துவிட்டது. அவன் ஏன் உதைத்தான் என்று இன்றுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிறகு பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை நெருங்குவதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

அவன் அரையிறுதியில் ஆடக் கூடாது. சிவப்பு அட்டை வாங்கியவருக்கு அடுத்த ஆட்டம் தானாகவே தடை என்பது ஃபிஃபாவின் ஒழுங்கு விதி. உலகக் கோப்பையில் ஆடுகிறவருக்கும் இதே விதிதான். ஊர்ப் போட்டிகளில் நடத்துபவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுவது உண்டு. உரிமையாளர் பேசி அனுமதி வாங்கிவிட்டதாலேயே நீங்கள் அவனை இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதினொரு பேர் பட்டியலை எழுதுகிற பேனா உங்கள் கையில் இருக்கிறது. அவன் இல்லாமல் தோற்கவும் கூடும். தோற்றால் பதினைந்து பையன்கள் ஒரு மாலை அழுவார்கள். அவனை இறக்கி வென்றால், கோல் போடத் தெரிந்தவனுக்கு விதி கிடையாது என்பதை அதே பதினைந்து பேரும் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதை அழிக்க உங்களுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். உரிமையாளரிடம் இதை அமைதியாக, ஆனால் ஆட்டத்தன்று காலை வரை தள்ளிப்போடாமல், இன்றே சொல்லிவிடுங்கள்.

தடை ஆட்டத்துக்கு மட்டும்தான், பயிற்சிக்கு இல்லை. அப்பா கட்டுகிற பணம் பயிற்சிக்கானது. பதினொருவரில் ஓர் இடத்துக்கு யாரும் பணம் கட்ட முடியாது. அவரிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவரோ கடை வைத்திருப்பவரோ, கணக்கு நேராக இருந்தால் ஏற்றுக்கொள்வார். "உங்கள் பையனுக்குச் செவ்வாயும் வியாழனும் பயிற்சி உண்டு, ஞாயிறு ஆட்டம் இல்லை, அதற்கு அடுத்த ஆட்டத்தில் மற்றவர்களைப்போல அவனும் இடத்துக்குப் போட்டி போடலாம்" என்று சொன்னால் அதில் அவமானம் எதுவும் இல்லை.

இனி அந்த இருபது சுற்று. முழு அளவு மைதானத்தின் ஓரத்தை இருபது முறை சுற்றினால் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆட்டம் ஆடி முடித்த பதின்மூன்று வயது உடம்பு, உச்சி வெயிலில், கண்ணீரோடு, அதில் பாதிக்கு மேல் ஓடியிருக்கிறது. தம்பி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: ஆம், அது தவறு. நானும் இதையே செய்தவன்.

பயிற்சியாளனாக ஆரம்பித்த நாட்களில், சொல்லாமல் இரண்டு நாள் வராத ஒரு பையனை மே மாதம் காலை பதினொரு மணிக்கு ஓடவிட்டேன். எட்டாவது சுற்றில் அவன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பினான். வேண்டுமென்றே மெதுவாகப் போகிறான் என்று நினைத்து இன்னொரு விசில் அடித்தேன். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். தொட்டுப் பார்த்தால் கழுத்து கொதித்தது, ஆனால் வியர்வை இல்லை. ஈரத் துண்டுகளைச் சுற்றி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். மறுநாள் அவன் அம்மா வந்து ஜெர்சியைத் துவைத்து மடித்து, எண் தெரிகிற மாதிரி பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் தங்கைக்குக் காய்ச்சல், வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. நானும் கேட்கவில்லை, தம்பி.

உடம்பைத் தண்டனைக் கருவியாக்கும்போது இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஓட்டம் என்பது கால்பந்தின் உயிர். அதைத் தண்டனையாகக் கொடுத்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் "ஓடுடா" என்று கத்தும்போது அவன் மனதில் எழுவது அந்த மதிய வெயில்தான். தண்டால், தோப்புக்கரணம், ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் முட்டி போடவைப்பது எல்லாமே இதே ரகம். சட்டமும் இதில் உங்கள் பக்கம் இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகும்படி நடந்துகொள்வது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கும் பலர் இப்படி ஒரு சட்டம் இருப்பதையே அறியாமல் மைதானத்தில் நிற்கிறார்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு ஒழுங்குபடுத்துவது? ஆட்டத்தைக் கொண்டுதான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய சொத்து கிடையாது. அதில் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுப்பதுதான் இதில் முக்கியம்.

கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பு 2017 முதல், சிறுவர் ஆட்டங்களிலும் ஊர் அளவிலான அடித்தள ஆட்டங்களிலும் தற்காலிக வெளியேற்றத்தை அனுமதித்திருக்கிறது. மஞ்சள் அட்டை பெற்றவர் மொத்த ஆட்ட நேரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரலாம். தேசியச் சங்கம் ஏற்றுக்கொண்டால்தான் நடுவர் இதைச் செயல்படுத்த முடியும். இங்கிலாந்தில் 31 லீகுகளில் சோதித்தபோது நடுவரிடம் எதிர்த்துப் பேசுவது 38 சதவீதம் குறைந்தது. 2019-20 பருவத்தில் அடித்தள ஆட்டங்கள் முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தார்கள். உங்கள் போட்டியில் அது இல்லாமல் இருக்கலாம். ஆனால் சிறுவர் போட்டிகள் பலவற்றில் வெளியே போனவன் மறுபடி உள்ளே வரலாம் என்ற மாற்று விதி இருக்கிறது. அது இருந்தால் நடுவர் அட்டை காட்டும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதே இல்லை. அறுபது நிமிட ஆட்டத்தில் ஒருவன் சூடாகிறான் என்று கண்டால் ஏழு நிமிடம் வெளியே எடுங்கள். தண்ணீர் கொடுங்கள். முதல் மூன்று நிமிடம் அவனிடம் எதுவும் பேசாதீர்கள். கோபத்தில் இருக்கிற பிள்ளையின் காதில் எதுவும் ஏறாது. நான்காவது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தவறைப் பற்றி அல்ல, ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்: "அந்த ஐந்தாம் எண் எந்தக் காலில் உதைக்கிறான், பார்த்தாயா?" அவன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால் மூளை திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். ஏழாவது நிமிடம் உள்ளே அனுப்புங்கள். திரும்பி வர முடியாத போட்டி என்றால் கணக்கு வேறு. அங்கே வெளியே எடுப்பது அன்றைய ஆட்டத்தையே முடித்துவிடும். அந்த அளவுக்குத் தவறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாத் தவறும் ஒரே தவறு அல்ல என்பதை நான் நடுவராக இருந்த காலத்தில்தான் கற்றேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் சில பையன்கள் ஒரே ஆண்டில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவார்கள். போன மாதம் இருந்த கால் இந்த மாதம் இல்லை. பந்தை எடுக்க நீட்டிய கால் அரை நொடி தாமதமாக எதிராளியின் கணுக்காலில் போய் விழும். பார்க்கிறவர்களுக்கு அது முரட்டு ஆட்டம். உண்மையில் அது புதிய காலுக்குப் பழகாத பிள்ளை. அவனுக்குத் தேவை திட்டு அல்ல, வாரத்துக்கு இரண்டு முறை தடுப்பாட்டப் பயிற்சி. வாய் நீளுகிறவன் வேறு. சாதி, மதம், நிறம் சொல்லி ஏசுகிறவன் முற்றிலும் வேறு. அவனை அந்த நிமிடமே வெளியே எடுங்கள், முன்னணி ஆட்டக்காரனா கடைசி மாற்று ஆட்டக்காரனா என்று பார்க்காதீர்கள். இனவெறிப் பேச்சுக்கு ஃபிஃபா குறைந்தது பத்து ஆட்டங்கள் தடை விதிக்கிறது. சிறுவர்களுக்கு அந்த எண் பொருந்தாது என்றாலும், அது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த எண்ணைச் சொல்லி விளக்கலாம். விழுந்து நடிப்பது, வேண்டுமென்றே சட்டையைப் பிடித்து இழுத்து ஆட்டத்தை நிறுத்துவது போன்றவற்றைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. நம்மில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமே அல்ல.

உங்கள் பையன் செய்தது பெரும்பாலும் திருப்பி அடித்தல். பந்து வேறு பக்கம் இருக்கும்போது ஒரு முன்கள ஆட்டக்காரன் காரணமில்லாமல் போய் உதைப்பது அபூர்வம். நடுவர் கண்ணில் விழுவது அநேகமாக இரண்டாவது உதைதான். முதல் உதையின்போது அவர் பந்தைத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பார். 1998 ஜூன் 30 அன்று அர்ஜென்டினாவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் அந்த அணியின் சிமியோனே பின்னாலிருந்து மோதி இங்கிலாந்து ஆட்டக்காரர் டேவிட் பெக்காமைக் கீழே தள்ளினார். குப்புறக் கிடந்த பெக்காம் காலை ஒரு சொடுக்குச் சொடுக்கினார், அவ்வளவுதான். நடுவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சிவப்பு அட்டை. இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. ஊர் திரும்பியபோது லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் அவர் உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். பெக்காமுக்கு அப்போது வயது 23. அவருடைய கிளப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரைக் கைவிடவில்லை. அடுத்த பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் மூன்று கோப்பைகளை வென்றபோது அந்த அணியில் பெக்காம் இருந்தார். 2002இல் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டி அடித்து இங்கிலாந்தை வெல்லவைத்தவரும் அவரே. உங்கள் பையனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். திருப்பி உதைத்தது தவறு என்பதையும், அதோடு வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதையும் ஒரே கதை சொல்லிவிடும்.

நடுவராக நான் காட்டிய சிவப்பு அட்டைகளில் ஒன்று இன்றும் மனதில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுத் தடுப்பாட்டக்காரன். அட்டையை உயர்த்தினேன். அவன் சண்டை போடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. என் அருகில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், இதை எங்கள் மாஸ்டர் வீட்டில் சொல்லுவாரா?" என்று கேட்டான். அட்டையைவிட மாஸ்டருக்கும் வீட்டுக்கும்தான் அவன் பயந்தான். எல்லைக் கோட்டைத் தாண்டிய அவன் பெஞ்சுக்குப் போகாமல், பைகளை வைத்திருந்த மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் அவன் பக்கம் போகவில்லை. அட்டை காட்டுவது என் வேலை, காட்டினேன். அதற்குப் பிறகான வேலை எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பவருடையது.

அந்த எல்லைக் கோட்டில் நிற்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆஃப்சைடுக்காகச் சத்தம் போட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. பையன் நடுவரைத் திட்டியதற்கான பாடத்தை அவன் உங்களிடமிருந்துதான் அன்று எடுத்திருக்கிறான். 2019இலிருந்து நடுவர் பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சிலிருந்து கத்தியது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளர்தான் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விதியைப் படித்தபோது, நம் தொழிலை யாரோ சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இனி உங்கள் அணியில் நடுவரிடம் பேசுவது அணித்தலைவன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 யூரோ கோப்பையில் பெரிய ஆட்டக்காரர்களையே அப்படிக் கட்டுப்படுத்தினார்கள். தலைவன் பட்டையை மாதம் ஒருவருக்கு மாற்றிக் கட்டுங்கள். அதிகம் வாய் பேசுகிறவனுக்கும் ஒரு மாதம் கொடுங்கள். மற்றவர்களை அடக்க வேண்டிய இடத்தில் நின்று பார்த்தால் அவனுக்கே தெரியும்.

விதிகளை ஆட்டத்துக்குப் பிறகு கோபத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. நீங்கள் இருபது சுற்று என்றீர்கள்; ஏன் பத்து இல்லை, ஏன் முப்பது இல்லை? அன்றைய உங்கள் கோபத்தின் அளவு இருபது, வேறு காரணம் கிடையாது. பருவத் தொடக்கத்தில் பையன்களை வட்டமாக உட்காரவைத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தை எதிர்பாருங்கள்: பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையான தண்டனை எழுதுவார்கள். "திட்டினால் ஒரு மாதம் தடை" என்பார்கள். அதைக் குறைப்பதுதான் அங்கே உங்கள் வேலை. மஞ்சள் அட்டையின் பொருளையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள். 1966 உலகக் கோப்பைக்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்குப் போக்குவரத்து விளக்கைப் பார்த்தபோது வந்த யோசனை அது. 1970இல் மெக்சிகோவில் முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டியை மெதுவாக்குகிறோம். அதற்காக வெட்கப்படுகிறவர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போங்கள். மையத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அப்பா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஏனென்றால் திட்டியது எல்லோர் முன்னாலும் நடந்தது. "வெயிலில் ஓடவிட்டது என் தவறு, இனி யாரையும் அப்படி ஓடவிட மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஆட்டத் தடைக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள், அது சரியான தீர்ப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அவன் குழம்பிவிடுவான். நடுவரிடம் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்களும் கூடவே போய்க் கேளுங்கள், உங்களுக்கும் அங்கே ஒரு பாக்கி இருக்கிறது. ஞாயிறு அன்று சீருடை இல்லாமல் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். வேடிக்கை பார்க்க அல்ல. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திணறுகிறார்கள் என்று குறித்து, இடைவேளையில் அவன் இடத்தில் ஆடுகிற பையனிடம் சொல்வது அவன் வேலை.

இதற்கெல்லாம் முன்னால், அவன் வீட்டுத் திண்ணையிலோ கடற்கரை மணலிலோ தனியாக உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒருவேளை அந்தப் பையன் முதலில் இவன் கணுக்காலை மிதித்திருக்கலாம். அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் தடை மாறாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவன் வெகுநேரம் பேசாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.